ஊரின் பெயரே வேக வரம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்த ஒரு சிறு செய்தியே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. எங்கள் பகுதிக் கிராமச் சாலை ஒன்றில், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையை விடியற்காலை இருட்டில் கவனிக்காமல், பால் கேன்களோடு சென்ற ஒருவர் வண்டியோடு விழுந்து கால் முறிந்தார் என்பதும், அன்று மாலையே அவ்வூர் மக்கள் திரண்டு அதே சாலையில் மேலும் இரண்டு வேகத்தடைகள் கேட்டு மறியல் செய்தனர் என்பதும் அச்செய்தி. வேகத்தடையில் விழுந்தவருக்காக இன்னும் வேகத்தடை கேட்பது படிப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். முப்பத்தொரு ஆண்டுகள் சாலைப் பணியில் இருந்து சாலை ஆய்வாளராக ஓய்வுபெற்ற எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஊருக்குள் நுழையும் வண்டியின் வேகத்தைக் குறைக்க நம் மக்களுக்குத் தெரிந்த ஒரே வழி தார் மேடுதான்; வேறு வழி ஒன்றை நாங்கள் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதை நான் பணியில் இருந்த காலத்தில் அறியவில்லை. 2024 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் கிராமச் சாலைகளில் தனியாக மோட்டார் சைக்கிளில் ஒன்பது நாள் சுற்றியபோதுதான் அறிந்தேன்.

என் மகள் துலூஸ் நகரில் பணிபுரிகிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், அவள் வேலைக்குப் போனபின் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க என்னால் இயலவில்லை. அறுபத்தொரு வயதில், மொழி தெரியாத நாட்டில், தனியாக வண்டியில் ஊர் சுற்றுவதா என்று என் மனைவி தொலைபேசியில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நான் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்ததைக் கேள்விப்பட்டவுடன், இந்த எண்ணம் துலூஸில் திடீரென்று முளைத்ததல்ல என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

வாடகைக்குக் கிடைத்தது 500 சிசி வண்டி. ஓசூரில் செய்த 110 சிசி வண்டியிலேயே வாழ்நாள் முழுவதும் சாலை பார்த்தவனுக்கு அது யானை. தலைக்கவசத்தோடு தரச்சான்று பெற்ற கையுறையும் அணிந்தால்தான் சாவியைத் தருவேன் என்று கடைக்காரர் சொன்னபோது, வெயிலில் கையுறை எதற்கு என்று மகள் மூலமாகக் கேட்டேன். 2016 நவம்பரிலிருந்து அது அங்கே சட்டம் என்றும், ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம் என்றும், இல்லாவிட்டால் 68 யூரோ அபராதம் என்றும் விடை வந்தது. வண்டியிலிருந்து விழும் எவரும் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான் என்பதை எத்தனையோ விபத்து இடங்களில் பார்த்திருந்தும், அதுவரை எனக்கு அது உறைத்ததில்லை.

துலூஸிலிருந்து அல்பி, அங்கிருந்து மியோ, பின் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, லொஸேர் மலைநாடு, லெ பூய், அதற்கும் மேற்கே காந்தால் எரிமலைக் குன்றுகள், ஓப்ராக் புல்வெளி, மீண்டும் துலூஸ் என்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓடியது. மியோவில் 245 மீட்டர் உயரத் தூணோடு பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலத்தைச் சாலைப் பணிக்காரன் என்ற முறையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். ஆனால் இக்கடிதம் அந்தப் பாலத்தைப் பற்றியதன்று. நெடுஞ்சாலைகளில் நான் ஏறவே இல்லை. முழுவதும் அங்கே 'தே' என்ற எழுத்தும் எண்ணும் போட்ட மாவட்டச் சாலைகளிலேயே போனேன். அவற்றின் கிலோமீட்டர் கற்களுக்கு மஞ்சள் தலை. நம் நாட்டில் மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலைக்கும் பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலைக்கும் உரியவை என்பதால், ஒரு ஆட்டு மந்தைக்குக்கூட ஒதுங்க இடமில்லாத ஒற்றையடிச் சாலைகளிலும் தேசிய நெடுஞ்சாலையில் போவது போன்ற மயக்கம் முதல் இரண்டு நாள் எனக்கு இருந்தது.

இனி நான் சொல்ல வந்த பலகைக்கு வருகிறேன். பிரான்சில் ஒவ்வொரு ஊரின் வீடுகள் தொடங்கும் இடத்திலும் சாலையோரத்தில் ஒரு வெள்ளைப் பலகை நிற்கிறது. சுற்றிலும் சிவப்புக் கரை, நடுவே கறுப்பெழுத்தில் ஊர்ப்பெயர். தெற்கத்தி ஊர்கள் சிலவற்றில் அதற்குக் கீழே அவ்வட்டாரத்துப் பழைய மொழியான ஒக்சிதானில் அதே ஊரின் பெயர் இன்னொரு முறை. வரவேற்பு வாசகம் இல்லை, தலைவர் படம் இல்லை, நன்கொடையாளர் பெயர் இல்லை, எண்கூட இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கடந்த நொடியிலிருந்து ஓட்டுநர் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். ஊர் முடியும் இடத்தில் அதே பெயர், குறுக்கே ஒரு சிவப்புக் கோட்டோடு நிற்கும். அதைக் கடந்தால் பழைய வேகத்துக்குப் போகலாம். அதாவது ஊரின் பெயரே வேக வரம்பு. 1990 டிசம்பருக்கு முன் 60 ஆக இருந்த வரம்பை 50 ஆகக் குறைத்தபோது நாடெங்கும் உள்ள பலகைகளில் ஒரு எழுத்தைக்கூட அவர்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் பலகையில் எண்ணே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதை, அதாவது ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, அவ்வூர் மேயரே உத்தரவிட்டு வரையறுக்கிறார். அங்கே மேயர் என்றால் மாநகராட்சித் தலைவர் மட்டும் அல்லர். நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் மேயர் உண்டு. நம் ஊராட்சித் தலைவரைப் போன்றவர். எங்கே குழந்தைகள் சாலையைக் கடக்கின்றன, எந்தத் திருப்பத்தில் மாடுகள் குறுக்கே வரும் என்பது தெரிந்தவர் எல்லையைச் சொல்கிறார். அந்த எல்லைக்கு நாட்டின் சட்டம் வலிமை தருகிறது.

இந்தப் பலகைக்கு அங்கே உள்ள மதிப்பைத் தார்ன் மாவட்டத்தில் நான் தங்கிய பண்ணை வீட்டுக்காரர் ஒரு கதையாகச் சொன்னார். 2023 இலையுதிர் காலத்தில் அம்மாவட்டத்து இளம் விவசாயிகள் அரசின் வேளாண் கொள்கையை எதிர்த்து, ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்களாம். 'தலையால் நடக்கிறோம்' என்பது அதன் பொருள். பிறகு அது நாடு முழுவதும் பரவியது. சாலை மறியலும் டிராக்டர் ஊர்வலமும் தொடங்குவதற்கு முன்னரே அவர்கள் கையில் எடுத்தது இந்தப் பலகையைத்தான். எல்லோரும் படிக்கும் பலகை என்பதால்தானே அதைக் கவிழ்த்தார்கள்? நம் ஊரில் யாராவது ஊர்ப் பலகையைத் தலைகீழாக மாட்டினால் ஒரு மாதத்துக்கு எவரும் கவனிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லி ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஊருக்கு வெளியே இருவழிச் சாலைகளில் 90 ஆக இருந்த வரம்பை 2018 ஜூலை முதல் நாளில் 80 ஆக்கினார்கள். கிராமப்புறம் கொந்தளித்ததும், மாவட்ட மன்றங்கள் விரும்பினால் மீண்டும் 90 ஆக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதனால் மாவட்ட எல்லையைக் கடந்ததும் வரம்பு மாறும் குழப்பம் இருக்கிறது. வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு முதலிடம் என்ற பழைய விதி, முன்னுரிமையைக் காட்டும் மஞ்சள் சாய்சதுரப் பலகை இல்லாத இடங்களில் இன்னும் நடப்பில் உள்ளது. நம் ஊரில் சந்திலிருந்து வருபவர்தான் நின்று பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தில், ஒரு சிற்றூரின் நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்த நான், வைக்கோல் உருளைகளோடு வலமிருந்து நிற்காமல் வெளியே வந்த டிராக்டரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழத்தில் பிரேக் பிடித்தேன். தவறு முழுக்க என்னுடையது. நான் 50க்குள் வந்ததால்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஊர்களில் கடை கிடையாது. ஞாயிறன்றும் பல இடங்களில் திங்களன்றும் நாள் முழுவதும் கிடையாது. லொஸேரில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஆளில்லாத பெட்ரோல் பங்கில் என் வங்கி அட்டையை இயந்திரம் மூன்று முறை துப்பிவிட்டது. அதற்கு முன்பே, 'கஸோல்' என்று எழுதியிருந்ததைப் பெட்ரோல் என்று எண்ணி அந்தக் குழாயைக் கையில் எடுத்து, அது டீசல் என்று கைப்பேசி சொல்லத் திரும்ப வைத்திருந்தேன். ஆட்டு நாயோடு பழைய வேனில் வந்த ஒரு முதியவர் தம் அட்டையைச் செருகி எனக்குப் பத்து லிட்டர் பிடித்துக் கொடுத்து, நான் நீட்டிய நோட்டை வாங்கிக்கொண்டு, எந்த நாடு என்று சைகையில் கேட்டார். இந்தியா என்றேன். "பொந்திஷேரி?" என்றார். எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக ஒரே நாளில் வண்டியில் போய்த் திரும்பும் தொலைவுதான் என்று வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டினேன். அதற்கு மேல் பேச இருவரிடமும் மொழி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல ஆசை, மன்னிக்கவும். என்னை முந்திச் சென்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் பலர் வலக்காலை வெளியே நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். யாராவது காலைப் பார்க்கச் சொன்னால் நம் ஊரில் சைடு ஸ்டாண்டு மடக்கவில்லை என்றுதானே பொருள்? முதல் நாளில் மட்டும் நான்கு முறை ஓரங்கட்டி ஸ்டாண்டைப் பார்த்தேன். ஒதுங்கி வழிவிட்டதற்கு அவர்கள் நன்றி சொல்லும் முறை அது என்பது இரவு மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஹாரனுக்கு அங்கே வேலையே இல்லை. ஊர்ப்பகுதிக்குள் உடனடி ஆபத்து இருந்தாலன்றி அதை அடிக்கக் கூடாது.

பிரான்சில் மக்கள் குறைவு, அங்கே பலகை செல்லும், இங்கே செல்லாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. லொஸேர் மாவட்டத்தின் பரப்பு 5,167 சதுர கிலோமீட்டர். நம் கிருஷ்ணகிரி மாவட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். அங்கே மக்கள்தொகை எண்பதாயிரத்தை எட்டவில்லை. இங்கே 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 18.8 லட்சம். மோன் லொஸேர் மலையில் 1,541 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபினியேல் கணவாயைக் கடக்கும்போது, புல்லுக்கு நடுவே குவிந்து கிடந்த கருங்கல் பாறைகளைப் பார்த்து பர்கூர் பக்கம் வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் மயங்கினேன். ஆனால் அரைமணி நேரத்தில் எதிரே வந்தவை இரண்டே கார்கள். இராயக்கோட்டைச் சாலையிலோ பென்னாகரம் சாலையிலோ அரைமணி நேரத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை ஆடு மாடுகள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள்? ஆள் நடமாட்டமே அரிதான இடத்தில் ஊர் தொடங்கும் இடத்தை இவ்வளவு கண்டிப்பாகக் குறிக்கிறார்கள் என்றால், வாசற்படியே சாலையில் இறங்கும் நம் ஊர்களுக்கு அது இன்னும் எவ்வளவு தேவை என்பதே அந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட செய்தி.

நம் நிலைமை என்ன? தொப்பூர் கணவாயைப் பற்றி எழுதாத நாளிதழ் இல்லை, பேசாத கூட்டம் இல்லை, எழுத வேண்டியதுதான். ஆனால் அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை வட்டங்களின் உட்சாலைகளில் ஓட்டுநருக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்வது எது? சில இடங்களில் ஊராட்சியின் மஞ்சள் பலகை, அதன் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. சில இடங்களில் ஒரு கட்சியின் கொடிக்கம்பம். பெரும்பாலான இடங்களில் முதுகெலும்பை உலுக்கும் அந்த மேடுதான் ஊர் வந்ததை அறிவிக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுக்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது மேற்பார்வையிட்டவற்றில் அந்த அளவுக்கு ஒத்து வந்தவை பாதிகூட இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மறியல் நடக்கும் இடத்தில், மக்கள் சுற்றி நிற்க, மிச்சத் தாரையும் ஜல்லியையும் கொட்டி மாலைக்குள் முடிக்கும் வேலையில் அளவுகோலை யார் எடுத்தார்கள்? ஆம்புலன்சில் போகும் கர்ப்பிணிக்கும், தக்காளிக் கூடை ஏற்றிய வண்டிக்கும், அன்று விழுந்த பால்காரருக்கும் அந்த மேடு ஒன்றுதான்.

ஜல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சிலும் கோடையில் மாவட்டச் சாலைகளுக்குத் தார் தெளித்துப் பொடி ஜல்லி தூவுகிறார்கள். இரு சக்கர வண்டிக்கு அது எமன். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே 'கிராவியோன்' என்ற தற்காலிகப் பலகை நின்றது. ஜல்லி படிந்த பின்பே அதை எடுப்பார்களாம். நம்மிடம் அந்த வேலை உண்டு, அந்த ஜல்லி உண்டு, பலகை மட்டும் ஒப்பந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட பகுதியில் வேகத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 116ஆம் பிரிவு அதற்கான குறியீடுகளை நிறுவ வழி செய்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களில் மட்டும் சோதனையாக, ஒவ்வொரு சிற்றூரின் எல்லையையும் அக்டோபர் 2 கிராம சபையில் மக்களே முடிவு செய்து தீர்மானமாகத் தரட்டும். இரு முனையிலும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், இரவில் ஒளிரும் பெயர்ப் பலகைகளை நட்டு, உள்ளே 40க்கு மேல் போகக் கூடாது என்று அறிவிக்கை வெளியாகட்டும். முதல் ஓராண்டுக்குச் சந்தை நாட்களில் காவலர்கள் வேகமானியோடு நிற்க வேண்டியிருக்கும். அங்கேயும் பலகையின் பின்னால் கேமரா இருக்கிறது, வெறும் நற்குணத்தால் எவரும் மெதுவாகப் போவதில்லை. மக்கள் பலகையை நம்பத் தொடங்கிய ஊர்களில் அளவு தவறிய மேடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கலாம்.

இது வெளிநாட்டு மோகம் என்று யாரேனும் எழுதக் கூடும். நான் கடந்த ஊர்களில், கடையோ பள்ளியோ இல்லாத சிற்றூரிலும் 1914 முதல் 1918 வரையிலான போரில் இறந்த அவ்வூர் ஆண்களின் பெயர்களைப் பொறித்த கல் ஒன்று நின்றது. அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு நம் மாவட்டங்களின் வயல் வரப்புகளில், மாடு மீட்கப் போய் மாண்டவர்களுக்காக நட்டு, இன்றும் சில ஊர்களில் பொங்கல் வைத்து வணங்கும் நடுகற்களே நினைவுக்கு வந்தன. ஊரோரத்தில் ஒன்றை நட்டு அதற்கு மரியாதை கொடுப்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு இடத்தைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். கிழக்கே, முதல் வீட்டுக்கு அறுபது மீட்டர் முன்னால், புளியமரத்துக்கு இப்பால் நட்டால் கிளை மறைக்காது. பள்ளி கண்ணில் படுவதற்கு முன்பே பெயர் கண்ணில் படும். மேற்கேதான் சிக்கல்: 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதிய வளைவின் தூண் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை நன்கொடையாகக் கட்டிக் கொடுத்தவர் என் பங்காளி என்பதால், அவரிடம் பேசும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்,
காவேரிப்பட்டணம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.